எங்கள் சர்வருக்குள் புகுந்த அடையாளம் தெரியாத நபர்

ஐந்து பேர் பேசிக்கொண்டிருந்த அந்தக் குழு அழைப்பில், யாரும் என் பெயரைக்கூட எடுக்காதபோது, “முதல்ல என்னோடதப் பாருங்கண்ணே” என்று நான் ஏன் முந்திக்கொண்டேன்? இரண்டு வருடமாக யோசிக்கிறேன். 

பள்ளிக்கூடப் பழக்கமாக இருக்கலாம். வீட்டுப்பாட நோட்டை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைக்கிற பிள்ளை நான். டீச்சரே மறந்துவிட்ட ஒரு நாளில் எழுந்து நின்று ஞாபகப்படுத்தி, வகுப்பு முழுவதும் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்ததும் உண்டு. ஆனால் அன்று காட்டியது நோட்டை அல்ல. என்னையே.

முதலிலிருந்து சொல்கிறேன். பாப்பா யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. பசுமலையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, கல்யாணம், பிரசவம் என்று ஐந்து வருடம் வீட்டில் இருந்தவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. அதற்கு முன் போன இரண்டு இடங்களில் “கைக்குழந்தையா?” என்று கேட்டதோடு பேச்சு முடிந்துபோனது. காளவாசலில் கல்யாண ஆல்பம் அச்சடிக்கிற பாலா அண்ணன் மட்டும்தான், “வீட்டுல இருந்தே பாரும்மா. ஒரு மாசம் பாப்போம், சரியா வந்தா வச்சுக்கிருவோம்” என்றார். அந்த ஒரு மாதத்தில் மூன்று வாரம் ஓடியிருந்தது. இந்த வேலையும் போனால் அடுத்ததைத் தேடுகிற தைரியம் எனக்கு இருக்காது என்று எனக்குத் தெரியும்.

வேலை இதுதான். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாணம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர்கள் படங்களை இணையம் வழியாக பாலா அண்ணனின் சர்வரில் ஏற்றிவிடுவார்கள். (சர்வர் என்றதும் கண்ணாடி அறை, ஏசி என்று கற்பனை செய்ய வேண்டாம். இரும்பு ரேக்கில், நெற்றியில் சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பழைய கம்ப்யூட்டர்.) நான் ஒத்தக்கடையில் என் வீட்டிலிருந்து அதற்குள் போய், எந்தெந்த ஃபோல்டர் வந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை படம் என்று பார்த்துப் பட்டியல் எழுதி, வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை. அதைப் பார்த்துத்தான் டிசைனர்கள் வேலையை ஆரம்பிப்பார்கள்.

உள்ளே போக எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். ஆளுக்கொன்று வைக்கலாமே என்று கேட்டதற்கு, “எல்லாம் நம்ம பயலுகதான” என்றார் பாலா அண்ணன். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்பது ஃபோல்டரைத் திறந்து மூடி எண்ணுவதற்குள் மடியில் இருக்கும் பாப்பா கீபோர்டில் பாதிப் பட்டியலை எழுதிவிடுவாள். ஒரு நாள் அவள் எழுதிய ‘கககககக’ அப்படியே குழுவுக்குப் போய்விட்டது. சாதிக் பாய் அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். பாய் பழைய ஊருக்குள் ஸ்டூடியோ வைத்திருப்பவர். எந்தப் பட்டியலையும் படிக்காமலே பாராட்டுகிற நல்ல மனிதர்.

அப்போதுதான் தோன்றியது. நான் கையால் செய்வதை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டி நிரல், செய்யாதா? சர்வருக்குள் போ, என்ன இருக்கிறது என்று கேள், வாங்கிக்கொண்டு வா. இவ்வளவுதானே. கல்லூரியில் படித்த பைதான் என்ற கணினி மொழி, பரணில் போட்ட பாத்திரம் மாதிரி தூசியோடு இருந்தது. பாப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்துத் துடைத்து எடுத்தேன். நான்கு மதியத் தூக்கங்களில் இருபத்தெட்டு வரி எழுதினேன்.

ஐந்தாவது மதியம் ஓடவிட்டேன். கறுப்புத் திரை இரண்டு நொடி சும்மா இருந்தது. பிறகு ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து விழுந்தது பாருங்கள் பட்டியல்! மேலூர் ஸ்டூடியோ, திருமங்கலம் ஸ்டூடியோ, சாதிக் பாய், எல்லாம். காளவாசலில் இருக்கிற கம்ப்யூட்டர், ஒத்தக்கடையில் அடுப்பில் குக்கர் வைத்திருக்கிற என்னிடம், நான் கேட்டதும் பதில் சொல்கிறது.  பிரசவத்துக்குப் பிறகு நானாக ஒன்றைப் பெற்றெடுத்தது அதுதான். கத்தினால் பாப்பா எழுந்துவிடுவாள் என்று சமையலறைக்குப் போய் இரண்டு குதி குதித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். “வெள்ளை எழுத்தா வருது. அதுல என்ன?” என்றார். (அவரைக் குறை சொல்லக் கூடாது. அவர் கல்லூரியில் வேதியியல் லேப் பார்ப்பவர். நிறம் மாறினால்தான் நம்புவார்.)

இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் ஸ்டூடியோக்காரர்கள் ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் போடுவார்கள். முகூர்த்தம் தனி, சீர்வரிசை தனி, பந்தி தனி. என் ஸ்கிரிப்ட் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம். சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து திருத்தினேன். பட்டியலில் ஃபோல்டர் எதைக் கண்டாலும் அதற்குள்ளும் போய்ப் பட்டியல் எடுத்து வா என்று சொன்னேன். அதோடு என் புத்திக்கு ஏற்ற மூன்று முன்னெச்சரிக்கைகள். பழைய இணைப்பு பாதியில் அறுந்துவிட்டால்? ஆகவே ஒவ்வொரு ஃபோல்டருக்கும் புதிதாக ஒரு தடவை லாகின். பிறகு தேவைப்பட்டால்? ஆகவே பழைய இணைப்பை மூடாதே. உள்ளே விடாவிட்டால்? மனம் தளராதே, உடனே மறுபடி தட்டு.

ஒரு தாயின் அக்கறை முழுவதையும் அதில் கொட்டியிருந்தேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று. அந்த சர்வர் தரும் ஒவ்வொரு பட்டியலிலும் முதல் வரியாக ஒற்றைப் புள்ளி வரும். ‘இந்த ஃபோல்டரேதான்’ என்று அதற்கு அர்த்தம். வீட்டில் எத்தனை அறை என்று கேட்டால் ‘இந்த வீடு’ என்பதையும் ஓர் அறையாகச் சேர்த்துச் சொல்வது மாதிரி. மனிதர் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். என் ஸ்கிரிப்ட் கடமை தவறாதது. புள்ளிக்குள் போகும். அங்கே அதே பட்டியல், அதே புள்ளி. அதற்குள்ளும் போகும். போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிய லாகின்.

ஞாயிறு காலை ஆறரைக்கு ஓடவிட்டேன். திரையில் வரிகள் அருவியாகக் கொட்டின. எம்புட்டுக் கல்யாணம் இன்று என்று பூரித்துப்போய், ஜன்னலைச் சிறிதாக்கிவிட்டு, பாப்பாவுக்கு இட்லி ஊட்டப் போனேன்.

அன்று சாதிக் பாய்க்கு முக்கியமான நாள். எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தூரத்தில், மேலூர் ரோட்டு மண்டபத்தில் கல்யாணம். காலை முகூர்த்தப் படங்கள் அன்று சாயங்கால வரவேற்பு மேடையிலேயே ஆல்பமாகப் பெண்ணின் அப்பா கையில் இருக்கும் என்று பாய் வாக்குக் கொடுத்திருந்தார். பாலா அண்ணனுக்கும் இது முதல் முயற்சி. டிசைன், அச்சு, பைண்டிங் எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டுமென்றால் பதினொரு மணிக்குள் படங்கள் சர்வருக்கு வந்தாக வேண்டும். வந்த நொடியில் நான் அறிவிக்க வேண்டும். அண்ணன் முந்தின நாளே சொல்லியிருந்தார்: “நாளைக்கு நீதாம்மா முக்கியம்.”

ஒன்பது மணிக்கு சாதிக் பாய் அழைத்தார். “தங்கச்சி, உள்ளயே விட மாட்டேங்குதும்மா. ஆளு நிரம்பிருச்சுன்னு வருது.”

நான் என் கடமையைச் செய்தேன். மண்டபத்தில் சிக்னல் சரியில்லை, மாடிக்குப் போங்கள் என்றேன். போனார். அங்கேயும் விடவில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் பாருங்கள் என்றேன். ஐம்பது வயது மனிதர், லேப்டாப்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தொட்டி மேல் நின்றார். கீழே பெண் வீட்டார், பாய் ஏதோ புது மாதிரி படம் எடுக்கிறார் என்று நினைத்து அண்ணாந்து சிரித்தார்களாம்.

என் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். அதிலும் பட்டியல் நின்று, ‘மறுபடி முயல்கிறேன்’ என்று வந்துகொண்டிருந்தது. ஐயோ பாவம், இதையும் விட மாட்டேன் என்கிறார்களே என்று, துணைக்கு இன்னொரு ஜன்னலில் அதே ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். அதுவும் தவித்தது. மூன்றாவதையும் ஓடவிட்டேன்.

பத்து மணிக்கு பாலா அண்ணன் குழு அழைப்பு போட்டார். அவர், இரண்டு டிசைனர்கள், சாதிக் பாய், நான். ஐம்பது பேர் வரை ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாமாம். ஐம்பது இடத்திலும் ஒரே ஆள் உட்கார்ந்திருக்கிறானாம். மேலிருந்து கீழ் வரை ஒரே இணைய எண், அதாவது ஒரே ஐ.பி. முகவரி. பெயரைப் பார்த்தால் நம் பொதுப் பெயர், யாரென்று தெரியவில்லை. சர்வரை அணைத்துப் போட்டாராம். போட்ட பத்தாவது நொடியில் ஐம்பதும் நிரம்பிவிட்டதாம்.

“வெறி புடிச்சவன் மாதிரி உள்ள வாரான்யா” என்றார்.

ஒரு டிசைனர், இது ஹேக்கர் வேலை என்றார்.  உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு பரபரப்பு. இருபத்தெட்டு வரி எழுதியவள், ஹேக்கரை நேருக்கு நேர் சந்திக்கப் போகிறேன். சைபர் போலீஸுக்குப் புகார் கொடுக்க வேண்டும் என்றேன். நானே எழுதுகிறேன் என்றேன். அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே எழுதியும் முடித்தேன். அதில் ஒரு பத்தி இது:

“தொழில்நுட்ப அறிவைத் தீய வழியில் பயன்படுத்தும் இந்த அடையாளம் தெரியாத நபர், பிறர் நலனில் சிறிதும் அக்கறையற்றவர் என்பது தெளிவு. இதை ஒருவர் தனியாகச் செய்திருக்க வாய்ப்பில்லை. இவருக்குப் பின்னால் ஒரு கும்பல் இருக்கலாம்.”

குழுவில் போட்டேன். சாதிக் பாய் தொட்டி மேல் நின்றபடியே கட்டைவிரலைத் தூக்கினார்.

பாலா அண்ணன், நம்ம ஆட்களின் எண்களை முதலில் கழித்துவிடுவோம், ஆளுக்காள் அவரவர் இணைய எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.  எப்படிப் பார்ப்பது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

“முதல்ல என்னோடதப் பாருங்கண்ணே” என்றேன்.

ஒவ்வொரு எண்ணாக, வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரி வாசித்தேன். 

“இன்னொரு தடவ சொல்லும்மா” என்றார் பாலா அண்ணன்.

கேட்கவில்லை போல என்று இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் பின்னால் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

சாதிக் பாய்தான் பேசினார். “தங்கச்சி, நீ இப்ப எதையாச்சும் ஓட விட்டுருக்கியாம்மா?”

“இல்ல பாய். லிஸ்ட் எடுக்குற ஸ்கிரிப்ட் மட்டுந்தான்.”

“ஒண்ணா?”

“மூணு.”

பாயின் போன் வழியாக, மண்டபத்தில் நாதஸ்வரம் வாசிப்பது எனக்கு நன்றாகக் கேட்டது.

மூன்று ஜன்னல்களையும் மூடப் பார்த்தேன். அவசரத்தில் ஒன்றை மூட இன்னொன்றைத் திறந்தேன். வேறு வழி தெரியாமல் வைஃபை மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். ஸ்கிரிப்ட் நின்றது. குழு அழைப்பும் அதே வைஃபையில்தான் ஓடியது என்பது பிறகுதான் உறைத்தது. என்னைப் பொறுத்தவரை நான் தவறைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர்களைப் பொறுத்தவரை, எண்ணைக் கண்டுபிடித்த மறு நொடி ஹேக்கர் தப்பி ஓடிவிட்டாள்.

வீட்டுக்காரர் தன் போனில் பாலா அண்ணனை அழைத்துக் கொடுத்தார். எனக்கு அழுகைதான் வந்தது. அண்ணன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அழுகைய நாளைக்கு வச்சுக்குவோம். மணி பத்தே முக்கால். மண்டபத்து சிக்னல்ல ஏத்துனா சாயங்காலம் ஆயிரும். பாய உன் வீட்டுக்கு வரச் சொல்றேன்.”

ஏழு நிமிடத்தில் பாய் வந்து இறங்கினார், கழுத்தில் இரண்டு கேமரா, சட்டையெல்லாம் தொட்டிச் சுண்ணாம்பு. வாசலில் நின்ற வீட்டுக்காரரிடம், “ஹேக்கர் வீடு இதானுங்களா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் பாப்பாவைக் காட்டி, “வாங்க பாய், இதுதான் கும்பல்” என்றார்.

மூன்று ஜன்னல்களையும் மூடிவிட்டு மோடத்தை மறுபடி மாட்டினேன். ஸ்கிரிப்டைத் தொடவே இல்லை. எங்கள் வீட்டு இணையத்தில் படங்கள் ஏறி முடித்தபோது மணி பதினொன்று இருபது. கையாலேயே திறந்து, கையாலேயே எண்ணி, குழுவில் போட்டேன். டிசைனர்கள் பாய்ந்தார்கள். ஏழு மணிக்கு ஆல்பம் மேடையேறியது. பெண்ணின் அப்பா அதைக் கையில் வாங்கிக் கண் கலங்கினார் என்று பாய் செய்தி அனுப்பியதும், சமையலறைக்குப் போய் மறுபடி இரண்டு குதி.

ஏழே முக்காலுக்குப் பாயிடமிருந்து அடுத்த அழைப்பு. “தங்கச்சி, பொண்ணோட தாய்மாமா பந்தில உக்கார மாட்டேங்குறாரு. ஆல்பத்துல அவரு சீர் கொண்டாந்த போட்டோ ஒண்ணுகூட இல்லையாம். அம்புட்டுத் தட்டு, வேட்டு, மேளம், எதுவுமே இல்ல.”

சீர் படங்கள் உள்ளே தனி ஃபோல்டரில் இருந்தன. பதற்றத்தில் நான் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தேன். மதுரைப் பக்கம் மாப்பிள்ளை இல்லாத ஆல்பத்தைக்கூட எப்படியாவது சமாளித்துவிடலாம். தாய்மாமன் இல்லாத ஆல்பம் கல்யாணத்தையே நடக்காத மாதிரி ஆக்கிவிடும்.

திங்கட்கிழமை வேலை போகப்போகிறது என்று தெரிந்தே, போகிறவரை கடமை என்று, காலையிலேயே அந்த எண்பத்து நான்கு படங்களையும் வரிசைப்படுத்தி அனுப்பினேன். பாலா அண்ணன் அதை மட்டும் தனியாக ஒரு சின்ன ஆல்பமாக அச்சடித்தார். சாயங்காலம் பாயோடு நானும் வீட்டுக்காரரும் பாப்பாவும் மேலூருக்குப் பக்கத்தில் அந்தத் தாய்மாமாவின் ஊருக்கே போனோம். நான் வழியெல்லாம் மன்னிப்பு வாசகத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

அவர் வாங்கி, அட்டையைத் தடவினார். “இது எனக்கு மட்டுமா?” என்றார். ஆமாம் என்றதும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் அவர்தான். எழுந்து உள்ளே பார்த்து, “ஏ புள்ள, இங்க வா. மாப்பிள்ளைக்குக்கூடத் தனி ஆல்பம் கிடையாதாம்” என்றார். எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. மன்னிப்பு வாசகம் மனப்பாடத்திலேயே தங்கிவிட்டது.

அடுத்த முகூர்த்தத்துக்குள் மூன்று தாய்மாமன்கள் தனி ஆல்பம் கேட்டு பாலா அண்ணனை அழைத்திருந்தார்கள். இன்று எங்களிடம் அதிகம் போவது அதுதான்.

என் வேலை? “ஒரு மாசம் பாப்போம்னு சொன்னேன்ல” என்றார் அண்ணன். “மூணு வாரத்துலயே எல்லாத்தையும் பாத்துட்டேன்மா. இனிமே சர்வர் உன் பொறுப்பு. நீ வெளிய இருந்தா எனக்குப் பயமா இருக்கு.” அன்றே எல்லாருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி பாஸ்வேர்ட். என் பெயருக்கு மட்டும் ஒரு சிறப்புச் சலுகை: ஒரே நேரத்தில் ஒரு தடவைக்கு மேல் உள்ளே போக முடியாது.

வீட்டுக்காரர் அந்தப் புகார்க் கடிதத்தை அச்செடுத்து வைத்திருக்கிறார். விருந்தாளிகள் வந்தால் காபிக்கு முன் வாசிக்கப்படும். ‘பிறர் நலனில் சிறிதும் அக்கறையற்றவர்’ என்ற இடத்தில் நிறுத்தி என்னைப் பார்ப்பார். மூன்றரை வயது யாழினிக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் நான் எதையாவது இரண்டாவது தடவை சரிபார்த்தால், கேஸ் மூடியிருக்கிறதா, கதவு பூட்டியிருக்கிறதா, எதுவானாலும், “அம்மா ஹேக்கர்” என்று சரியாகச் சொல்லிவிடுகிறாள்.

ஸ்கிரிப்ட் இப்போது நன்றாக ஓடுகிறது. புள்ளிக்குள் போவதில்லை. ஒரே லாகின், வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பட்டியல் தானாகக் குழுவுக்குப் போகிறது. நான் எதையும் பார்க்க வேண்டியதே இல்லை.

ஆனால் அது ஓடுகிறதா என்று யார் பார்ப்பது? போன மாதத்திலிருந்து இந்தச் சந்தேகம். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நானே போய்ப் பார்க்கிறேன். பேசாமல், முதல் ஸ்கிரிப்ட் ஓடுகிறதா என்று பார்க்க இரண்டாவதாக ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “அப்ப ரெண்டாவத யாரு பாக்குறது?” என்றார். கிண்டலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது அதுவரை தோன்றவில்லை. இப்போது மூன்றாவதைப் பற்றியும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதலாமா, வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது. அதற்குள் சொன்னால் நல்லது.